ஐந்து குட்டைக்கால் மோப்ப நாய்கள்: பிரெஞ்சு வீட்டுக்கு எது பொருந்தும்?

எந்த நாயைத் 'திரியும் நாய்' என்று கருதலாம் என்பதற்குப் பிரான்சின் கிராமப்புறச் சட்டத் தொகுப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. வேட்டையிலோ மந்தைக் காவலிலோ ஈடுபடாத நாய் உரிமையாளரின் குரல் எட்டாத தூரம் போய்விட்டாலும், அவரைவிட்டு 100 மீட்டருக்கு மேல் விலகிவிட்டாலும், அது திரியும் நாய்தான். லாப்ரடார் வளர்ப்பவர்கள் இந்த வரியைப் படித்திருக்கக்கூட மாட்டார்கள். மோப்ப வேட்டை நாய் வாங்க நினைப்பவர்களோ எல்லாவற்றுக்கும் முன்பு படிக்க வேண்டியது இதைத்தான். ஈரப் புல்லில் ஒரு முயலின் தடம் மூக்கில் பட்டுவிட்டால், நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் அது அந்த 100 மீட்டரைத் தாண்டியிருக்கும்.

பிரான்சில் தோட்டத்தோடு வீடு இருக்கிறது, அந்நாட்டு மோப்ப நாய் ஒன்றை வளர்க்கும் ஆசையும் இருக்கிறது, எதை என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்வது ஐந்து இனங்கள்: பெத்தி பாஸே கிரிஃபோன் வாந்தேயன், கிராண்ட் பாஸே கிரிஃபோன் வாந்தேயன், பாஸே ஃபோவ் தெ பிரெத்தாஞ், பாஸே ப்ளூ தெ கஸ்கோஞ், பாஸே ஆர்த்தேசியன் நார்மன். இவ்வளவு நீளமான பெயர்களை ஒவ்வொரு முறையும் எழுத முடியாது. ஆகவே சின்ன வாந்தே, பெரிய வாந்தே, ஃபோவ், கஸ்கனி நீலம், நார்மன் என்றே அழைக்கிறேன். ஐந்தும் குட்டைக்கால் நாய்கள், 'பாஸே' என்ற சொல் குறிப்பதும் அதைத்தான். சர்வதேச நாயினக் கூட்டமைப்பான எஃப்சிஐ பட்டியலில் ஐந்தும் மோப்ப வேட்டை நாய்களுக்கான ஆறாவது பிரிவில் வருகின்றன. புவாத்தவென், பில்லி, கிராண்ட் ப்ளூ தெ கஸ்கோஞ் போன்ற பெரிய நாய்களை நான் சேர்க்கவில்லை. 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், குதிரையேறிச் செய்யும் வேட்டைக்குக் கூட்டமாக வளர்க்கப்பட்ட பழக்கம். அவற்றில் ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்து வரவேற்பறையில் வைப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை.

நமக்குப் பழக்கமான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுபவை. இரை கண்ணில் படும், பாயும், ஓரிரு நிமிடங்களில் வேட்டை முடிந்துவிடும். மோப்ப நாயின் வேட்டை அப்படியல்ல. அதற்கு இரை தெரிய வேண்டியதே இல்லை. முயல் ஒரு மணி நேரத்துக்கு முன் போன வழியை மண்ணிலும் இலையிலும் தேடி, தலையைக் குனிந்தபடி, குரைத்துக்கொண்டே தொடரும். குரைப்பதுதான் அதன் வேலையின் பாதி. வேட்டைக்காரர் பார்க்க முடியாத புதருக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே சொல்ல வேண்டிய கடமை நாய்க்கு. தடம் சூடாக இருந்தால் ஒரு குரல், மங்கினால் இன்னொன்று, தொலைந்தால் மௌனம், இரை கிளம்பிவிட்டால் கூட்டமே உடைந்து கூவும். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இதற்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்த குரலை, பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்காக ஒரு பயிற்சியாளரால் அடக்கிவிட முடியாது. ஐந்தில் எதை எடுத்தாலும் இதுதான் நிலைமை. எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு சத்தமாகச் சொல்லும், எந்த முள்ளுக்குள் நுழையும் என்பதில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் அவை பிறந்த மண்ணிலிருந்து வந்தது. அதனால்தான் யார் கேட்டாலும், முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்கிறேன்.

கால்கள் ஏன் குட்டையாயின என்பதிலிருந்து தொடங்கலாம். 1561-இல் ழாக் து ஃபூயூ எழுதிய வேட்டை நூலிலேயே குட்டைக்கால் நாய்கள் வருகின்றன. வளைக்குள் புகுந்து நரியையும் பேட்ஜர் எனப்படும் வளைக்கரடியையும் வெளியேற்றுவது அன்று அவற்றின் வேலை. ஆனால் அவை நாடெங்கும் பரவியதற்குக் காரணம் வேட்டை நுட்பம் மட்டுமல்ல, அரசியலும்தான். 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் சிறப்புரிமைகள் ஒழிக்கப்பட்டபோது, வேட்டையாடும் தனியுரிமையும் போயிற்று. குதிரையும் லாயமும் ஐம்பது நாய்களும் இல்லாத சாதாரண விவசாயி, தோளில் துப்பாக்கியோடு நடந்தே வேட்டைக்குப் போகத் தொடங்கினார். நடந்து போகிறவருக்கு மான் வேகத்தில் ஓடும் நாயால் என்ன பயன்? அவர் எட்டிப்பிடிக்கும் வேகத்தில் போக வேண்டும், முயலை அவசரப்படுத்தாமல் துப்பாக்கி இருக்கும் பக்கம் கொண்டுவர வேண்டும். குட்டைக் கால் அதற்கு வாகாக அமைந்தது.

உயிரியலும் இதில் எளிமையானதுதான். குட்டைக்கால் இனங்கள் பலவற்றிலும் காணப்படுவது ஒரே மரபணு மாற்றம் என்று 2009-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று 18-ஆம் குரோமோசோமில் செருகிக்கொண்டிருக்கிறது. எலும்பு நீள வேண்டிய வயதில் நீளாமல் நின்றுவிடுகிறது. 2017-இல் 12-ஆம் குரோமோசோமிலும் அதே மரபணுவின் இன்னொரு நகல் கண்டுபிடிக்கப்பட்டது. முதுகெலும்பு வட்டுகள் இளமையிலேயே கெட்டிப்பட்டுப் பிதுங்கும் கோளாறோடு தொடர்புடையது அந்த இரண்டாவது நகல். நீண்ட முதுகுள்ள எந்த நாயானாலும் எடை ஏறவிடக்கூடாது, சோபாவிலிருந்து குதிக்கப் பழக்கக்கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனி ஒவ்வொன்றாக.

சின்ன வாந்தேயைத்தான் பெரும்பாலானவர்கள் படத்தில் பார்த்து மயங்குகிறார்கள். கலைந்த தாடி, புருவத்துக்கு மேல் விழும் முடி, எப்போதும் ஏதோ ஒரு குறும்பை முடித்துவிட்டு வந்தது போன்ற முகம். 2013-இல் பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் உச்சப் பரிசை ஜில்லி என்ற சின்ன வாந்தே வென்றது. 2023-இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் பட்டி ஹாலி என்ற சின்ன வாந்தேவுக்கு அதே உயர்ந்த பரிசு. அந்த இனத்துக்கு அங்கே அதுதான் முதல் முறை. இந்தப் பரிசுகளுக்குப் பிறகு அதை விளையாட்டுப் பொம்மையாக நினைத்து வாங்குபவர்கள் கூடிவிட்டார்கள். அது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ஏனென்றால் வாந்தே மண் அப்படிப்பட்டது. பிரான்சின் மேற்குக் கரையில், லுவார் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது அந்தப் பகுதி. சிறுசிறு வயல்கள், ஒவ்வொன்றையும் சுற்றி உயரமான வேலிப் புதர், அதற்குள் முள்ளும் நாணலும் பின்னிக் கிடக்கும். அந்தப் புதருக்குள் கூப்பிடாமலேயே தலையை நுழைத்து, முள் கிழித்தாலும் பின்வாங்காமல், மறுபக்கம் வரும் நாயைத்தான் அங்கே வைத்துக்கொண்டார்கள். மற்றவை கழிக்கப்பட்டன. உடல் 34 முதல் 38 சென்டிமீட்டர் உயரம்தான். மனம் அந்த அளவில் அடங்காது. முன்பு பெரிய வாந்தேயும் சின்ன வாந்தேயும் ஒரே வரையறைக்குள் இருந்தன, உயரம் மட்டும் வேறு. விளைவு நன்றாக இல்லை. பெரிய நாயின் எடையைக் கோணல் கால்களில் சுமக்கும் அரைகுறை நாய்கள் பிறந்தன. அபெல் தெசாமி என்பவர் சின்னதற்கென்று தனி வரையறை எழுதி, எல்லா அளவிலும் ஒத்திசைவாகச் சிறுத்த நாயைக் கொண்டுவந்தார். இரண்டையும் கலந்து இனப்பெருக்கம் செய்வது 1970-களில்தான் நிறுத்தப்பட்டது. அதனால் இன்றும் சில குட்டிகள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வளர்வது உண்டு.

வீட்டுக்குள் சின்ன வாந்தே எப்படி இருக்கும்? மகிழ்ச்சியாக, சத்தமாக, ஓயாமல். தோட்டத்தில் ரோஜாவுக்கு அடியில் எலி இருப்பதாக அது முடிவு செய்துவிட்டால் ரோஜாவின் கதை முடிந்தது. வேலி என்றால் அதற்கு ஒரு கணக்கு. அடியில் தோண்ட முடியுமா என்று பார்க்கும், முடியாவிட்டால் விறகுக் குவியலில் ஏறிப் பார்க்கும். குழந்தைகளோடு நன்றாகப் பழகும், கடிக்கும் சுபாவம் இல்லை. ஆனால் கட்டளைக்குப் பணிவது என்பது அதன் அகராதியில் பேச்சுவார்த்தை. நாளில் ஒன்றரை மணி நேரமாவது உண்மையான நடை இல்லையென்றால் அந்த ஆற்றல் எல்லாம் உங்கள் செருப்புகள் மேல் இறங்கும்.

பெரிய வாந்தே, பெயரைப் பார்த்துப் பயந்து பலர் ஒதுக்கிவிடும் நாய். என் கணக்கில் அது தவறு. ஆண் 40 முதல் 44 சென்டிமீட்டர், பெண் ஒரு சென்டிமீட்டர் குறைவு. எடை 20 கிலோவை ஒட்டி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோம்த் தெல்வா என்ற பிரபு நேரான கால்களுள்ள நாய்களைத் தேடித் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். அதை ஒரு நிலையான இனமாக்கியவர் பால் தெசாமி. காட்டுமுயலை எட்டிப்பிடிக்கக் கொஞ்சம் உயரம் தேவை என்று கண்டு, 43 சென்டிமீட்டர் அளவில் அதை நிறுத்தினார். குழிமுயலிலிருந்து காட்டுப்பன்றி வரை எதையும் தொடரும். சின்னதைவிட நிதானம் அதிகம். வீட்டுக்குள் வந்ததும் படுத்துக்கொள்ளத் தெரியும். சின்னது ஓயாமல் நச்சரிக்கும் இடத்தில் இது பெருமூச்சு விட்டுக் காத்திருக்கும். ஆனால் வெளியே, ஐந்து இனங்களில் மிக வேகமானதும் மிக அதிக தூரம் போவதும் இதுதான். ரோ எனப்படும் சிறு மானின் தடம் கிடைத்துவிட்டால், அடுத்த கிராமத்தில் இருந்து யாராவது தொலைபேசியில் அழைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன், குட்டி பார்க்கப் போகும்போது உதவும். தாய் நாயின் காதை மூக்குப் பக்கம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பெரிய வாந்தேயின் காது மூக்கு நுனியைத் தாண்ட வேண்டும். சின்ன வாந்தேயின் காது அதை எட்டக்கூடாது.

ஃபோவ் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுத வேண்டும். பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனிப் பகுதியில் செம்பழுப்பு நிறத்தில் பெரிய கிரிஃபோன் நாய்கள், அதாவது சொரசொர முடி நாய்கள், பல நூறு ஆண்டுகளாக இருந்தன. ஓநாய் வேட்டை அவற்றின் வேலை. முதலாம் பிரான்சுவா மன்னரின் காலத்திலேயே அந்த நிற நாய்கள் அரச வேட்டைக் கூட்டத்தில் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் ஓநாய்கள் குறைந்துபோயின. வேலை போனதும் பெரிய நாய்களும் அருகிப்போயின. ஆனால் அவற்றின் குட்டைக்கால் வழி, முயல் வேட்டைக்கு உதவியதால் விவசாயிகளின் வீடுகளில் பிழைத்துக் கிடந்தது. 1949-இல் மார்செல் பாம்ப்ரன் இந்தச் செம்பழுப்பு நாய்களுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பிறகு குழிமுயல் வேட்டைக்கான பிரெஞ்சுக் கோப்பையை இந்த நாய்கள் அடிக்கடி வெல்லத் தொடங்கவே, 20-ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் பிரிட்டனியைத் தாண்டி நாடு முழுக்க இதன் பெயர் பரவியது. அழகுப் போட்டியால் அல்லாமல் வேலையால் புகழ் பெற்ற நாய் இது. அதற்காகவே எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

உயரம் 32 முதல் 38 சென்டிமீட்டர். நிறம் பொன் கோதுமையிலிருந்து செங்கல் சிவப்பு வரை. முடியைத் தொட்டுப் பார்த்தால் தேங்காய் நாரின் சொரசொரப்பு. மென்மையாகவோ சுருளாகவோ இருக்கக்கூடாது என்பது வரையறையின் நிபந்தனை. அந்த நார் முடிதான் இதன் பெரிய சௌகரியம். பிரிட்டனியின் மேட்டு நிலங்களில் மஞ்சள் பூ முட்புதரும் ஹெதர் செடியும் மூடிக் கிடக்கும். மழை நிற்காது. சேற்றில் உருண்டு வந்த ஃபோவைக் கூடத்தில் ஒரு பழைய துண்டின் மேல் நிறுத்தி வையுங்கள். அரை மணியில் சேறு காய்ந்து, தானே உதிர்ந்து, துண்டில் மணலாகக் கிடக்கும். வாந்தே நாய்களில் அதே சேறு தாடிக்குள்ளும் காலிடுக்கிலும் உருண்டை கட்டிக்கொள்ளும். சீப்பை எடுத்து உட்கார்ந்தால் மாலை போய்விடும்.

குணத்தில் ஃபோவ் சமநிலை. வேட்டையில் பிடிவாதமும் தந்திரமும் உண்டு, ஆனால் எஜமானரைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் மற்ற நான்கையும் விட இதனிடம் கொஞ்சம் அதிகம். ஒரே ஆளோடு வயலுக்குப் போய்ப் பழகிய பரம்பரை என்பது காரணமாக இருக்கலாம். குரலும் குட்டையாக, வெட்டு வெட்டாக வரும். ஒலியளவில் குறைவு என்று நினைக்க வேண்டாம், ஆனால் நீண்டு இழுக்கும் ஊளை இல்லை.

கஸ்கனி நீலம் அந்த ஊளைக்கே பிறந்தது. தென்மேற்குப் பிரான்சின் வெயில் நிலம், காய்ந்த மண், அதில் முயலின் வாசனை நிற்பதே கொஞ்ச நேரம்தான். அங்கே பயன்படும் நாய்க்கு வேகத்தைவிட நுண்ணிய மூக்கு முக்கியம். பழைய தடத்தைப் பொறுமையாக, அங்குலம் அங்குலமாகக் கூட்டிப் பார்த்து, உறுதி செய்துகொண்டு, பிறகு நீளமாக ஊளையிட்டுச் சொல்லும். இதன் பெரிய உறவினர்களான கஸ்கனி நாய்கள் மத்திய காலம் வரை போகும் பழைய பரம்பரை. குட்டைக்கால் வடிவம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய மறைந்தே போய், அலென் பூர்போன் என்ற வளர்ப்பாளரின் முயற்சியால் மீண்டு வந்தது. வெள்ளை முடியில் கறுப்புப் புள்ளிகள் நெருங்கி விழுவதால் தூரத்திலிருந்து ஸ்லேட்டுப் பலகையின் நீலமாகத் தெரியும். கண்ணுக்கு மேலே இரண்டு செம்பழுப்புப் பொட்டுகள். ஐந்திலும் மிக அழகானது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த வீட்டுச் சுவர் நம் சுவரோடு ஒட்டியிருந்தால் இதை நினைக்கவே வேண்டாம். பிரான்சில் இரவில் மட்டுமல்ல, பகலிலும் தொடர்ச்சியான நாய்ச் சத்தத்துக்காக அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்கலாம், அபராதம் வரும். தனியாக விடப்பட்ட கஸ்கனி நீலம், தன் தனிமையை ஊர் முழுக்க அறிவிக்கும்.

கடைசியாக நார்மன். வடக்கே ஆர்த்துவா, நார்மண்டிப் பகுதிகளின் நாய். 1870-களில் இரண்டு வளர்ப்பாளர்கள் இரண்டு வழியில் போனார்கள். லெ கூத்தூ தெ காந்தலூ என்ற பிரபு கால் நேரான, வேலைக்கு ஏற்ற நாய்களை விரும்பினார். ரூவான் நகருக்கு அருகே லூயி லான் வளைந்த கால், கனத்த உடல், நீண்ட காது கொண்டவற்றை வளர்த்தார். இரண்டும் கலந்து வந்ததற்கு 1924-இல்தான் இன்றைய பெயர் நிலைத்தது. இதற்கு முன்பே, 1866-லும் 1874-லும் சில நாய்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்து போயின. அங்கே எவரெட் மில்லே என்பவர் 1890-களில் பிளட்ஹவுண்ட் இரத்தத்தைச் செயற்கைக் கருவூட்டல் மூலம் கலந்தார். அந்த வழியில் கனத்து, மடிந்து, தளர்ந்து வந்ததுதான் விளம்பரங்களில் நாம் பார்க்கும் பாசெட் ஹவுண்ட். எஃப்சிஐ அதைப் பிரிட்டனின் இனமாகவே பதிவு செய்திருக்கிறது. பாசெட் ஹவுண்டின் முகம் பிடித்து, ஆனால் அந்தத் தொங்கும் தோலும் கண் எரிச்சலும் மூட்டுவலியும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நார்மனைப் போய்ப் பார்க்க வேண்டும். 30 முதல் 36 சென்டிமீட்டர், 15 முதல் 20 கிலோ, மெலிந்த கச்சிதமான உடல், குட்டையான வழவழப்பு முடி. வேட்டையில் அவசரமில்லை, வரிசையாகத் தேடும், சத்தமாகத் தேடும். வீட்டில் ஐந்திலும் மிகவும் சாந்தம்.

நார்மனுக்கும் கஸ்கனி நீலத்துக்கும் ஒரு பொதுவான தொல்லை, காது. கண் மட்டத்துக்குக் கீழே தொடங்கி, மெல்லியதாக, உள்பக்கம் முறுக்கிக்கொண்டு, மூக்குவரை தொங்கும் காது. அழகுதான். ஆனால் உள்ளே காற்று போகாது. தண்ணீர்க் கிண்ணத்தில் நனையும், நடையில் தரையைத் துடைக்கும். வாரம் ஒருமுறை காதைப் புரட்டி, மருத்துவர் தரும் திரவத்தால் துடைக்காவிட்டால், புளித்த மாவு வாசனை வரும். அது பூஞ்சைத் தொற்றின் அடையாளம். அப்போது மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

ஐந்துக்கும் பொதுவான இன்னொரு எதிரி ஜூன் மாதத்தில் வருகிறது. புல் காய்ந்ததும் அதன் கதிர்முள் அம்பு போல உதிரும். கால்விரல் இடுக்கில் ஏறினால் முன்னோக்கி மட்டுமே நகரும், பின்னால் வராது. காதுக்குள், மூக்குக்குள்கூடப் போகும். நடை முடிந்து வந்ததும் நான்கு பாதங்களையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நார்மனில் இது இரண்டு நிமிட வேலை, சின்ன வாந்தேயில் பத்து நிமிடம். முடி அடர்ந்த இனத்தை விரும்புகிறவர்கள் அந்த எட்டு நிமிடத்தையும் கோடை முழுக்கக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோய் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். க்ளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய், பரம்பரையாக வரும் வகை, சின்ன வாந்தேயிலும் ஃபோவிலும் இருக்கிறது. ஏடிஏஎம்டிஎஸ்17 என்ற ஒரே மரபணுவில் இரண்டு இனத்துக்கும் வெவ்வேறு பிழை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தாக்கும். வலியில்லாமல் தொடங்கி, பார்வை போன பிறகே தெரியவரும். இதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. பெற்றோர் இருவரில் ஒருவராவது அந்தப் பிழை அறவே இல்லாதவராக இருந்தால் குட்டிக்கு நோய் வராது. வளர்ப்பாளரிடம் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுபவரிடம் குட்டி வாங்காதீர்கள்.

இப்போது முடிவுக்கு வரலாம். முதல் முறையாக மோப்ப நாய் வளர்க்கும் குடும்பம், நடுத்தரத் தோட்டம், பள்ளி செல்லும் பிள்ளைகள், தினமும் நடக்கத் தயார் என்றால் நான் தயங்காமல் ஃபோவைச் சொல்வேன். முடி பராமரிப்பு குறைவு, உடல் கச்சிதம், கூப்பிட்டால் திரும்பி வரும் வாய்ப்பு கொஞ்சமாவது உண்டு. வயதானவர்கள் அதிகம் இருக்கும் வீடு, மெதுவான நடை, சாந்தமான துணை வேண்டும் என்றால் நார்மன். காது துடைக்கும் பொறுமை மட்டும் வேண்டும். ஓடவும் ஏறவும் தெம்புள்ள, நாயின் பிடிவாதத்தை ரசிக்கத் தெரிந்த, பகலில் யாராவது வீட்டில் இருக்கும் குடும்பம் என்றால் சின்ன வாந்தே நல்ல தேர்வு. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு அது வேண்டாம். பெரிய வாந்தேயும் கஸ்கனி நீலமும் கிராமத்துக்கு உரியவை. சுற்றிலும் வயல், அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால், முடிந்தால் இரண்டு நாய்கள். அந்த வசதி இருப்பவர்களுக்கு, குறிப்பாக நீண்ட தூரம் நடப்பவர்களுக்கு, பெரிய வாந்தே தரும் மகிழ்ச்சியை வேறு எதுவும் தராது.

எதைத் தேர்ந்தாலும் கயிற்றை மறக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை காட்டில் பாதையை விட்டு விலகி நாயைக் கயிறின்றி விடுவது பிரான்சில் தடை. பறவைகள் குஞ்சு பொரிக்கும், மான்கள் குட்டி போடும் காலம் அது. மற்ற மாதங்களிலும் பத்து மீட்டர் நீளக் கயிறு, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை இரண்டும் வைத்துக்கொள்வது நல்லது. வேட்டைக்காரர்கள் குரலால் மட்டும் கூப்பிடுவதில்லை, கொம்பும் ஊதுகிறார்கள். குட்டியாக இருக்கும்போதே கொம்பு ஊதி, உடனே இறைச்சித் துண்டு கொடுத்துப் பழக்கினால், தடத்தில் மூழ்கிய நாயின் காதிலும் அது ஏறும். நகரத்து வளர்ப்பாளர்கள் இதைச் செய்யாமல் விடுவது வருத்தமானது.

2022 அக்டோபர் முதல், நாய் வாங்குபவர் பொறுப்பேற்பு உறுதிச் சான்று ஒன்றில் கையெழுத்திட்டு, ஏழு நாள் கழித்தே நாயைப் பெற முடியும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. 2024 முதல் கடைகளில் நாய் விற்பனையே இல்லை. இனச் சான்று வேண்டுமானால் 1885 முதல் நடந்துவரும் பிரெஞ்சு நாயின வம்சாவளிப் பதிவேடான எல்ஓஎஃப்-இல் பெற்றோர் இருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஏழு நாளைக் காகிதச் சடங்காக நினைக்காமல், வளர்ப்பாளரின் அனுமதியோடு இரண்டாம் முறை போய், தாய் நாயோடு வெளியே நடந்து பாருங்கள். அது தடத்தில் என்ன செய்கிறதோ, குட்டியும் ஓராண்டில் அதைத்தான் செய்யும்.

குட்டிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வேட்டைப் பருவம் பிப்ரவரி இறுதியில் முடிந்ததும், வயதானதாலோ துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படுவதாலோ ஒதுக்கப்பட்ட பாஸே நாய்கள் காப்பகங்களுக்கு வருகின்றன. பெரும்பாலும் கொட்டிலிலேயே வாழ்ந்தவை. படிக்கட்டு தெரியாது, கண்ணாடிக் கதவு தெரியாது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கக்கூடாது என்பதும் தெரியாது. கற்றுக்கொள்ளச் சில வாரம் எடுக்கும். ஆனால் கூட்டத்தில் வளர்ந்ததால் மற்ற நாய்களோடு சண்டை இல்லை, மனிதர்களிடம் கோபம் இல்லை, ஆறேழு வயதில் ஓட்டமும் கொஞ்சம் அடங்கியிருக்கும். வீட்டில் பூனை இருந்தால் மட்டும், காப்பகத்தில் பூனையோடு விட்டுப் பார்த்த பிறகு அழைத்து வாருங்கள்.